கேட்காததைக் கொடுக்கக் கூடாது

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மகளின் மாமனாரான என் சம்பந்தி, அறைக்குச் சொந்தக்காரரான தையல்காரர், பல் டாக்டர் அம்மா, சாயங்காலம் வந்து சேர்ந்த என் மகள். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. என் மனைவி இல்லை, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை இல்லை, அவருக்கு வீட்டில் வேலை இருந்தது. கீழே கடை வாசலில் தைத்த துணியை வாங்கிப்போக வந்து நின்றவர் ஒருவர் உண்டு. மாடி ஏறி வராத ஒருவரை இருந்தவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், அங்கே இருந்தவர்கள் யாரும் இதைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. இல்லாதவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் உத்தியோகத்தில் லிஃப்ட் பரிசோதகராக இருந்தேன். ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஆட்கள் ஏறலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. விதியில் உள்ளபடி இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் பூட்டு. கட்டட முதலாளிகள் கெஞ்சுவார்கள், சிலர் மிரட்டுவார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு விதியை இன்னொருவருக்காக வளைத்ததில்லை, இன்னொருவரிடம் போய்க் கை நீட்டியதும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு கோட்டு ஒன்றை இடுப்பில் பிடிக்கக் கொடுப்பதற்காகத் தையல்காரர் கடைக்குப் போனேன். அளவு எடுக்க மாடிக்குக் கூட்டிப்போனார். துணி வெட்டும் நீள மேசையின் மேல் துணிக்குப் பதிலாக ஒரு வண்ணப் பலகை விரித்துக் கிடந்தது. எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் அம்மா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் அந்த விளையாட்டின் விதி ஒன்றில் தகராறு. விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்து, யார் சொல்வது சரி என்று சொன்னேன். இருவர் சொல்வதும் தவறு.

"நீங்க வாரா வாரம் வந்துடுங்க சார்," என்றார் டாக்டரம்மா. "எங்களுக்கு ஒரு நீதிபதி வேணும். இவர் தோக்கற மாதிரி இருந்தா விதியைத் தச்சு மாத்திடறார்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பமாயின. பழைய சாமான் விற்கும் கடைகளில் துழாவிப் புதுப்புது விளையாட்டுப் பெட்டிகளைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார் தையல்காரர். புதிது என்றால் எங்களுக்குப் புதிது, பெட்டி பழையதுதான். காய்கள் எப்போதும் குறையும். குறைந்த காய்க்குப் பதில் பொத்தான் வைப்பார். ஒரு மலையேற்ற விளையாட்டில் என் மலையேறி ஒரு மழைக்கோட்டுப் பொத்தான். இன்னொன்றில் டாக்டரம்மாவின் கப்பல்கள் எல்லாம் ஜாக்கெட் பொத்தான்கள். ஆட்டம் தொடங்குமுன் விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி உரக்கப் படிப்பது என் பொறுப்பு.

"சின்னக் குழந்தைங்க முழுங்கிடும், ஜாக்கிரதைன்னு போட்டிருக்கறதையும் படிக்கணுமா?" என்று தையல்காரர் கேட்பார்.

"படிக்கணும்."

"இங்க யாரு சார் குழந்தை?"

"அதை விதிப்புத்தகம் எழுதினவர் கிட்ட கேளுங்க."

வேலையை விட்ட மனிதனுக்கு வீட்டில் என்ன மரியாதை என்பது வேலையை விட்டவர்களுக்குத் தெரியும். அந்த மாடியில் என் மரியாதை குறையவே இல்லை. இன்னும் சொன்னால், அங்கே ஒரு புது விளையாட்டின் முதல் பக்கத்தைப் பிரிக்கும்போது எனக்கு உத்தியோகத்தின் முதல் நாள் போலவே இருக்கும்.

சம்பந்தியை அங்கே அழைத்துப்போகச் சொன்னது என் மகள். அவர் அச்சகம் நடத்துகிறவர். மனைவியை இழந்தவர். மகனோடும் என் மகளோடும் ஒரே வீட்டில் இருக்கிறார். "மாமா ஞாயித்துக்கிழமையானா சும்மா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கார்ப்பா. உங்களோட கூட்டிட்டுப் போங்களேன்," என்றாள். பெண் கொடுத்த இடம். மறுக்க முடியாது. ஆனால் எனக்கு உள்ளூரச் சங்கடம். விளையாட்டு என்றால் ஒருவர் தோற்க வேண்டும். சம்பந்தி தோற்பது அவருக்கு மரியாதை இல்லை, நான் வேண்டுமென்றே தோற்பது எனக்கு மரியாதை இல்லை.

முதல் நாள் ஆடியது காயை வெட்டி வீட்டுக்கு அனுப்பும் விளையாட்டு. என் காய்க்கு நேர் எதிரே அவர் காய் நின்றது. வெட்டினால் ஜெயம் என் பக்கம். நான் வெட்டாமல் வேறொரு காயை நகர்த்தினேன். அடுத்து அவர் முறை. இப்போது என் காய் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவரும் வெட்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி," என்றேன்.

"இல்ல இல்ல, நீங்க போனப்புறம் நான் வரேன்," என்றார் அவர்.

எங்கள் இருவர் காய்களும் கல்யாண வாசலில் நிற்பவர்களைப் போல ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நின்றன. டாக்டரம்மா அதற்குள் தன் காய்கள் எல்லாவற்றையும் வீட்டில் சேர்த்துவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் விளையாடல சார்," என்றார் தையல்காரர். "மாத்தி மாத்தி விருந்து உபசாரம் பண்றீங்க."

அதற்குப் பின் எத்தனையோ புது விளையாட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் இதே கதை. சம்பந்தியும் நானும் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லை. டாக்டரம்மா ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஜெயிப்பது தனக்குச் சலித்துவிட்டதாக ஒரு நாள் சொன்னார். பல் பிடுங்கும்போதுகூட எதிரில் இருப்பவர் கொஞ்சமாவது எதிர்ப்புக் காட்டுவாராம்.

இப்படி இருக்கையில்தான் என் மகளுக்கு அந்த வேலை வந்தது. குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம். அதற்கே தலைமைப் பொறுப்பு கொடுத்து அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கணினி வேலை, எங்கிருந்தும் செய்யலாம், அவருக்கும் போக ஆசை. ஆனால் சம்பந்தி அச்சகத்தை விட்டு வர மாட்டார், அவரைத் தனியாக விட்டுப் போவதா என்று இருவருக்கும் தயக்கம். பெரியவர்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. திங்கள்கிழமை காலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற நிலைமையில், சனிக்கிழமை என் மகள் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"உங்க அப்பா மனசுல என்ன இருக்கோ அதுதான் என் மனசுலயும்னு சொல்றார்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"எதை?"

"அவர் மனசுல என்ன இருக்கோ அதுதான் என் மனசுலயும்."

"ரெண்டு பேரும் மனசை மாத்தி மாத்திக் கொடுத்துட்டே இருங்க. நான் எங்க போய்க் கேக்கறதுப்பா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போகும்போது செருப்பை மாட்ட அவளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. குனிந்த முகத்தை நிமிர்த்தவில்லை.

"நீங்களே கேட்டுட்டா என்ன?" என்றாள் என் மனைவி.

"பொண்ணைக் கொடுத்த எடத்துல போய், உங்க பிள்ளையை என் பொண்ணோட அனுப்புங்கன்னு கேக்கச் சொல்றியா? என் அப்பா கேட்டதில்ல. என் தாத்தா கேட்டதில்ல."

"அவங்க பொண்ணுங்களுக்கு யாரும் ஆய்வுக்கூடம் கொடுக்கல," என்று சொல்லிவிட்டு அவள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தியும் நானும் வழக்கம்போல ஒன்றாக நடந்து போனோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். அவர் கட்டைவிரல் நகத்தில் எப்போதும் இருக்கும் அச்சுமை அன்றும் இருந்தது. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. தையல்கடை மாடிப்படியில் அவர் எனக்கு வழிவிட, நான் அவருக்கு வழிவிட, கடைசியில் டாக்டரம்மா பின்னாலிருந்து வந்து எங்கள் இருவரையும் தாண்டி ஏறிப் போனார்.

தையல்காரர் ஒரு புதுப் பெட்டி வைத்திருந்தார். நான்கு தீவுகள், நடுவில் கடல், ஒரு பக்கம் கரை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஆளுக்கு ஒரு தீவு. பலகை, ஆணி, கல் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பாலம். பாலம் பாலமாகக் கட்டி முதலில் கரையைத் தொடுகிறவர் ஜெயித்தவர். ஆரம்பத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பலகை உண்டு, அதற்குப் பின் ஒவ்வொரு தீவிலும் ஒரு பொருள்தான் விளையும். மற்றதை அடுத்தவரிடம் வாங்க வேண்டும். பெட்டியில் ஆணிகள் தொலைந்து போயிருந்தன. கால்சட்டைக்கு வைக்கும் பித்தளைக் கொக்கிகளை ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தார் தையல்காரர்.

நான் விதிகளைப் படித்தேன். மூன்றாவது விதி: ஆட்டம் முடியும்வரை ஒருவரை ஒருவர் தீவின் நிறத்தைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். வேறு எப்படி அழைத்தாலும் ஒரு பலகை அபராதம். ஆறாவது விதி: கேட்காததைக் கொடுக்கக் கூடாது. ஏழாவது விதி: கேட்கப்பட்டவர் கொடுக்கலாம், மறுக்கலாம், அல்லது பதிலுக்கு ஒன்று கேட்கலாம். படித்து முடித்து, குழந்தைகள் விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கையையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். நான் சிவப்பு. சம்பந்தி பச்சை. டாக்டரம்மா நீலம். தையல்காரர் மஞ்சள்.

"சம்பந்தி, நீங்க முதல்ல உருட்டுங்க," என்றேன்.

"ஒரு பலகை," என்று டாக்டரம்மா கையை நீட்டினார்.

"எதுக்கு?"

"சம்பந்தின்னு கூப்பிட்டீங்களே."

"அவர் என் சம்பந்தி."

"ரெண்டு பலகை."

"விடுங்க சம்பந்தி, பரவாயில்ல," என்றார் அவர்.

"பச்சைக்கும் ஒண்ணு," என்றார் தையல்காரர்.

விதியை நானே படித்திருந்தேன். எதிர்த்துப் பேச வழி இல்லை. பலகைகளை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் வாய் பழகியிருந்தது. கல்யாணத்தன்று மாலையிலிருந்து அந்த மனிதரை நான் வேறு எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை. இரண்டு சுற்று முடிவதற்குள் என் தீவில் பலகை காலி. அவர் தீவிலும் பாதி போய்விட்டது. பிறகுதான் இருவரும் பேசுமுன் ஒரு மூச்சு நிறுத்தி, எதிரில் இருப்பவரின் நிறத்தைப் பார்த்து, அதன்பின் வாய் திறக்கக் கற்றுக்கொண்டோம்.

"பச்சை, உங்க முறை," என்றேன். சொல்லும்போது நாக்கு கூசிற்று.

"நன்றி, சிவப்பு," என்றார் அவர். அவருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

எனக்கு ஆணி தேவைப்பட்டது. ஆணி விளைவது பச்சைத் தீவில் மட்டும்தான். நான் கேட்கவில்லை. என் முறை வரும், எதுவும் செய்யாமல் பகடையை அடுத்தவரிடம் தள்ளுவேன். பச்சை இதைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் ஒரு கொக்கியை மெதுவாக விரல் நுனியால் என் பக்கம் நகர்த்தினார்.

"கேட்டாரா?" என்றார் தையல்காரர்.

"கேக்கல. ஆனா அவர் முகத்தைப் பாத்தா..."

"முகத்துக்கெல்லாம் விதியில எடம் இல்ல. என்ன சிவப்பு, இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இடம் இல்லை," என்றேன். பச்சை கொக்கியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இது என் கிளினிக் மாதிரியே இருக்கு," என்றார். "வாயைத் தெறந்து வலிக்குதுன்னு சொல்றதுக்குக் கூச்சம். கன்னம் வீங்கி வந்து உக்காந்துட்டு, ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்ம்பாங்க."

அவர் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பகடையை என் முன்னால் வைத்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பச்சை," என்றேன். "எனக்கு ஒரு ஆணி வேணும்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. பச்சை தன் கொக்கிகளைப் பார்த்தார். தீவுகளைப் பார்த்தார். கரைக்கு அவருக்கு இன்னும் ஒரு பாலம்தான் பாக்கி, ஆனால் கரையைத் தொடும் பாலத்துக்கு மூன்று ஆணி வேண்டும். அவர் கை கொக்கியை எடுக்கப் போயிற்று, பிறகு நின்றது.

"தர முடியாது," என்றார்.

அவரே தான் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. எனக்குக் கோபம் வரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வந்தது வேறு. பல வருஷமாகக் கழுத்தில் இறுக்கிப் போட்டிருந்த பொத்தானை யாரோ கழற்றிவிட்டது போல இருந்தது.

"ஒரே ஒரு ஆணிதானே," என்றேன்.

"ஒண்ணு கொடுத்தா எனக்குப் பாலம் நிக்காது."

"உங்ககிட்ட மூணு இருக்கு."

"மூணும் வேணும். முடியாதுன்னா முடியாது."

"நீங்க இவ்வளவு கெட்டியான ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"நீங்க இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லையே, எப்படித் தெரியும்?"

இருவர் குரலும் ஏறியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அதை மறுக்கவில்லை, கீழே வாசலில் துணிக்காக நின்றவர் காதில் விழுந்திருக்கும். தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, குதிரைப் பந்தயம் பார்ப்பவரைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மகள் படியேறி வந்தாள். எங்களை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவள். வாசலில் நின்றபடியே, "என்ன ஆச்சு? மாமா எதுக்கு முடியாதுங்கறார்?" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் தையல்காரர். "உங்க மாமா உங்க அப்பாவுக்கு ஆணி தர மாட்டேங்கறார்."

"மாமாவா? அப்பா கேட்டாரா?"

"ரெண்டும் நடந்துச்சு. நாங்க சாட்சி."

அவள் நூல்கண்டு அடுக்கியிருந்த அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. எதையும் கேட்கவில்லை. கேட்பதை எங்கள் வீட்டில் நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

சுற்று ஓடி மறுபடி என் முறை வந்தது. பகடையை உருட்டாமல் கையில் வைத்திருந்தேன்.

"பச்சை, சிவப்பு இன்னொண்ணு கேக்குது," என்றேன்.

"ஆணிதானே? அதுக்குத்தான் பதில் சொல்லிட்டேனே."

"ஆணி இல்ல." பகடையைக் கீழே வைத்தேன். "என் பொண்ணு அந்த வேலைக்குப் போகணும்னு எனக்கு ஆசை. மாப்பிள்ளையும் கூடப் போகணும். அதுக்கு நீங்க சரின்னு சொல்லணும். கேக்கறேன்."

மாப்பிள்ளை என்று சொன்னது அபராதத்துக்கு உரியதுதானா என்று தையல்காரருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் கை அபராதப் பலகைக்கு நீண்டது. டாக்டரம்மா அதை மேசையோடு அழுத்திப் பிடித்தார்.

பச்சை கொக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தார், அச்செழுத்துக் கோப்பவரின் விரல்கள். கீழே தெருவில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"விதியில, பதிலுக்கு ஒண்ணு கேக்கலாம்னு இருக்கு இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கு. ஏழாவது விதி."

"அப்போ பச்சையும் கேக்குது." அவர் என்னைப் பார்க்காமல் தன் தீவைப் பார்த்தபடியே சொன்னார். "அவங்க போயிட்டா சாயங்காலம் வீட்ல நான் ஒருத்தன்தான். அச்சகத்துல மெஷின் சத்தம் இருக்கும், ஆளுங்க பேசுவாங்க. வீட்டுக்கு வந்து கதவைத் தெறந்தா ஒண்ணும் இருக்காது. எனக்கு அதுதான் பயம். வேற ஒண்ணும் இல்ல. அதனால நடுவாரத்துல ரெண்டு சாயங்காலம் சிவப்பு வீட்ல எனக்கு ஒரு நாற்காலி வேணும். விருந்தாளியா இல்ல. விளையாட."

"தந்தேன்," என்றேன்.

"இருங்க, முடியல. விருந்தாளி இல்லன்னா சாப்ட தட்டை நான்தான் கழுவுவேன்."

"அது முடியாது."

"அப்போ நானும் யோசிக்கணும்."

என் வீட்டில் என் சம்பந்தி தட்டுக் கழுவுவதா? என் அப்பா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். நான் என் மகளைப் பார்த்தேன். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி சிவந்துபோயிருந்தது.

"கழுவுங்க," என்றேன்.

"அப்போ சரி," என்றார் அவர். "போகட்டும். ரெண்டு பேரும் போகட்டும்."

என் மகள் எழுந்து வந்தாள். "மாமா, இது நிஜமா உங்க மனசுல இருக்கறதா, இல்ல அப்பா கேட்டுட்டாரேன்னு சொல்றீங்களா?"

"நான் மொத நாளே நெனச்சேன்மா, நீ போகணும்னு. ஆனா உங்க அப்பாவுக்கு நீ ஒரே பொண்ணு. அவரை விட்டுட்டுப் போன்னு நான் எப்படிச் சொல்றது? அவர் என்ன நெனப்பார்?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காக நான் வாயை மூடியிருந்தேன், எனக்காக அவர் மூடியிருந்தார். நடுவில் ஒரு பெண் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

அவள் மாடிப்படிக்குப் போய் மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பேச்சை விட மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் அதிகம் வந்தது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். "மாமா, அந்த மூணு ஆணியையும் விட்டுடாதீங்க," என்று சொல்லி அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என் மகள். என் நாற்காலிக்குப் பின்னால் இல்லை.

ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த சுற்றில் பச்சை தன் கடைசிப் பாலத்தைக் கட்டிக் கரையைத் தொட்டார். பலகை இல்லாமல், ஆணி இல்லாமல், சிவப்புத் தீவில் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா இரண்டாவதாக வந்தார். தோற்பது எப்படி இருக்கும் என்பதே தனக்கு மறந்துவிட்டிருந்தது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஊர் மாறிப்போய்ச் சௌக்கியமாக இருக்கிறார்கள். சொன்னபடி சம்பந்தி நடுவாரத்தில் இரண்டு சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறார். முதல் நாள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனபோது என் மனைவி பதறி எழுந்தாள். நான் கண்ணால் நிறுத்தினேன். இப்போது அவர் என் தட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, சோப்பை மாற்றுங்கள் என்று என் மனைவியிடம் குறை சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறார். அவளும் பதிலுக்குப் பேசுகிறாள். என் காயை வெட்டும்போது அவர் முகத்தில் இரக்கமே இருப்பதில்லை. வரத் தாமதமானால் ஃபோன் செய்து, "பச்சை பேசறேன்," என்பார். என் மனைவி அதை என்னிடம் கொடுக்கும்போது, "சிவப்புக்கு ஃபோன்," என்பாள். கேலிதான். அனுமதித்திருக்கிறேன்.

மகள் அந்த ஊரிலிருந்து ஒரு புது விளையாட்டு அனுப்பியிருக்கிறாள். காய்கள் எல்லாம் சரியாக இருந்தன. தையல்காரருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் ஒரு பொத்தானை உள்ளே போட்டு வைத்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.

நன்றி என்ற சொல்லை நான் ஆபீஸ் கடிதங்களில் எழுதியதோடு சரி. வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறே தையல்காரரிடம் சொன்னேன். எங்கள் விஷயம் தெரிந்துதான் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாரா என்றும் கேட்டேன். என்ன விஷயம் என்று அவர் திருப்பிக் கேட்டார். பெட்டியின் மூலை கிழியாமல் இருந்ததாம், அதனால் எடுத்தாராம். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "வாயைத் தெறந்தீங்களே, அது போதும்," என்றார். அந்த விளையாட்டை உண்டாக்கியவர் யார் என்று பெட்டியில் தேடிப் பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் பழைய கடைக்காரர் சீட்டு ஒட்டிக் கிழித்திருக்கிறார். எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து, கேட்காததைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒருவனைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொண்ட அந்த இருவரும் நன்றாக இருக்க வேண்டும். என்னிடம் முடியாது என்று சொன்ன என் சம்பந்தி எல்லாரையும்விட நன்றாக இருக்க வேண்டும்.

இனி, சொந்தத்தில் உலவும் பேச்சைப் பற்றி. சம்பந்திகள் இருவரும் தையல்கடை மாடியில் கத்திச் சண்டை போட்டுக்கொண்டார்கள், அந்த வெறுப்பில்தான் பிள்ளைகள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று சொல்கிறார்களாம். சண்டை நடக்கவில்லை. அவர் ஆணி தர மறுத்தார். அது ஏழாவது விதிப்படி அவர் உரிமை. பிள்ளைகள் போனது என் மகளின் வேலைக்காக, நாங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பி. அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது நான் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதுவும் தவறு. என் சம்பந்தி ஜெயித்தார்.